குனியக்கா

அத்தை நின்றபடி பேசி நான் அதிகம் பார்த்ததில்லை. பேச்சுக் கொடுத்தால் அடுத்த நிமிடம் குந்திவிடுவாள். குழந்தைகளிடம் பேசும்போது குந்துவது எல்லோரும் செய்வதுதான். அத்தை ரேஷன் கடைக்காரரிடமும் குந்திக்கொண்டுதான் பேசுவாள். அவர் மேசைக்கு மேலே எட்டிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை பங்குச் சாமியார் ஏதோ கேட்க, கோயில் வாசலிலேயே குந்திவிட்டாள். சாமியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தானும் குந்தினார். எங்கள் குடும்பக் கல்யாண ஆல்பங்களில் அவளைத் தேடுகிறவர்கள் படத்தின் கீழ் விளிம்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

"உங்க அத்தைய ஆண்டவன் முட்டிய மடக்கி வெச்சே அனுப்பிட்டான்" என்பார் அப்பா. அத்தை அவருடைய தங்கை.

"மேல இன்னாண்ணா இருக்குது? எல்லாம் கீழதான உழுது" என்பாள் அவள்.

தரையிலிருந்து அவள் எடுத்தவற்றில் எனக்கு நினைவிருப்பவை: ஊக்குகள், யாரோ தொலைத்த ஜெபமாலை, கழன்று விழுந்த சைக்கிள் நட்டு, உப்பளக் கரையில் இறக்கை ஒடிந்து கிடந்த ஒரு கொக்கு, குடித்துவிட்டுச் சாலையோரம் கிடந்த என் சித்தப்பா. சித்தப்பா அவளைப் போல இரண்டு பங்கு கனம். அவருடைய முதுகுப் பக்கம் போய்க் குந்தி, இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து, தன் மார்பில் சாய்த்து, பின்னாலேயே நகர்ந்து வீடு வரைக்கும் இழுத்து வந்தாள். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனால் அவர் தலை எங்கேயும் இடிபடாமல் பார்த்துக்கொண்டாள்.

ஊரில் அவளுக்குக் குனியக்கா என்று பெயர். அந்தப் பெயர் வந்த காரணம் வேறு.

நான் சிறுமியாக இருந்தபோது அத்தை அனுமந்தைப் பக்கம் ஒரு ஐஸ் பேக்டரியில் வேலை செய்தாள். படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் இடம். அங்கே குளிர் உண்டாக்குவது அமோனியா. ஒரு நாள் குழாய் வெடித்து அது உள்ளே பரவிவிட்டது. கண்ணைத் திறக்க முடியாது. மூச்சு இழுத்தால் நெஞ்சு எரியும். பெண்கள் அலறிக்கொண்டு, கதவு தெரியாமல் சுவரில் மோதினார்கள். அத்தை வழக்கம்போல் எதையோ பொறுக்கத் தரையில் குந்தியிருந்தாள். அங்கே மூச்சு விட முடிந்தது. அமோனியா காற்றைவிட லேசானது, மேலே ஏறும், தண்ணீரில் கரையும் என்பதெல்லாம் நான் பின்னால் பாடத்தில் படித்தவை. அத்தைக்கு அன்றைக்குத் தெரிந்தது, கீழே மூச்சு இருக்கிறது என்பது மட்டும்.

"குனி! குனிங்கடி! அது மேல போவுது, நீங்க கீழ வாங்க!"

முந்தானையை ஐஸ் தண்ணீரில் நனைத்து மூக்கில் வைக்கச் சொல்லி, தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரமாகவே எல்லோரையும் தவழ வைத்து வெளியே கொண்டுவந்தாள். யாரும் சாகவில்லை.

அன்று தவழ்ந்து வந்தவர்களில் ஒருத்திக்கு வீட்டில் கைக்குழந்தை இருந்தது, பெண் குழந்தை. அந்தம்மா அதன் பிறகு தன் மகளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் இதையும் சேர்த்தே ஊட்டினாள்: "கேஸ் வந்தா ஓடாத. துணிய நனைச்சி மூக்குல வையி. குனி." பேசத் தெரிந்ததும் அந்தப் பெண் அதைத் திருப்பிச் சொல்லும். அத்தை தெருவில் வரும்போது "சொல்லுடி, அக்காவுக்கு சொல்லிக் காட்டு" என்பாள் அம்மா. பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு குந்தும். அத்தையும் எதிரே குந்துவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

ஊர் முழுக்கவே இது ஒரு விளையாட்டாகிவிட்டது. அத்தை தெருமுனையில் தெரிந்தால் பிள்ளைகள் "குனியக்கா வர்றாங்க டோய்" என்று மொத்தமாகக் குந்துவார்கள். அவளுக்கு அதில் கோபம் வந்ததே இல்லை. ஒரு புயலில் இறால் பண்ணைக் கொட்டகையின் தகரம் பிய்த்துக்கொண்டு பறந்து வந்தபோது, அவள் போட்ட "குனி!" என்ற ஒரே சத்தத்தில் ஒரு தெருவே தரையோடு தரையானது. தகரம் எங்கள் தலைக்கு மேலே போய்ப் புளியமரத்தில் செருகிக்கொண்டது. அதற்குப் பிறகு அவளைக் கேலி செய்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே குந்தினார்களே ஒழிய, குந்தாமல் இருக்கவில்லை.

ஐஸ் பேக்டரியை மூடிவிட்டார்கள். சில வருடங்கள் அத்தை உப்பளத்தில் உப்பு வாரினாள். பிறகு சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு இறால் கம்பெனி வந்தது. பழைய உப்புக் கிடங்கு ஒன்றை வாங்கி, உயரம் போதாததால் பேக்கிங் செய்யும் கூடத்தின் தரையை மட்டும் இடுப்பளவுக்குத் தோண்டிக் கட்டியிருந்தார்கள். ஒரு சரிவுப் பாதையில்தான் இறங்க வேண்டும், ஏற வேண்டும். வேலைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் பழைய ஐஸ் பேக்டரிப் பெண்கள். மீதிப் பேர் அவர்களுடைய மகள்கள். அத்தை அவர்களுக்கு சூப்பர்வைசர்.

நான் அப்போது குளிர்பதனம் படித்து முடித்து, பாண்டிச்சேரியில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். குளிர்கிடங்குகளுக்குப் போய் இயந்திரங்களைச் சோதிப்பதும், வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதும் என் வேலை. அந்தக் கம்பெனியிலும் வகுப்பு எடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். அத்தை முதல் வரிசையில், நாற்காலி இருந்தும், தரையில் உட்கார்ந்திருந்தாள். "எங்க அண்ணன் பொண்ணு" என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தாள்.

இங்கே அமோனியா இல்லை, ஃப்ளோரின் கலந்த வேறு வாயு என்று தொடங்கினேன். அது சுலபத்தில் தீப்பிடிக்காது. கண்ணை எரிக்காது. நிறம் இல்லை. வாசம் இருந்தும் இல்லாத மாதிரி. இறால் வாசத்துக்கு நடுவே தெரியவே தெரியாது. திரவமாகச் சீறி மேலே பட்டால் தோல் உறைந்து வெந்துபோகும். நெருப்பிலோ பழுக்கக் காய்ந்த இரும்பிலோ பட்டால் அதுவே விஷமாக மாறும். அதனால் பக்கத்தில் பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், இது காற்றைவிடக் கனம். பள்ளத்தில் தண்ணீர் நிரம்புவது மாதிரி தரையிலிருந்து நிரம்பும், அங்கிருக்கும் காற்றை மேலே தள்ளிவிடும்.

"வாசமே இல்லன்னா அது வந்திருக்குதுன்னு யாரு சொல்லுவா மருமவளே?" என்றாள் அத்தை.

"சைரன் சொல்லும் அத்தை. தரைகிட்ட ஒரு பெட்டி வெச்சிருக்கோம் பாருங்க. அதுக்குத் தெரியும்."

"சைரனு தூங்கிட்டா?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஒரு வாளியைக் கொண்டுவரச் சொல்லி, அடியில் கோயில் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி வைத்தேன். விளிம்பில் இன்னொன்று. அந்த வாயுவை நெருப்புக்குக் காட்டக் கூடாது என்பதால், ஆப்பசோடாவில் எலுமிச்சை பிழிந்து நுரைத்து வருகிற வாயுவை வாளிக்குள் சரித்தேன். அதுவும் காற்றைவிடக் கனம்தான். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அடியில் இருந்த சுடர் சுருங்கி அணைந்தது. விளிம்பில் இருந்தது எரிந்துகொண்டே இருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப குனியக் கூடாதா?" என்று பின்னால் இருந்து ஒரு பெண் கேட்டாள். அந்தக் கைக்குழந்தைதான், வளர்ந்து வேலைக்கு வந்திருந்தது.

"கூடாது. நிமிர்ந்து நில்லுங்க. மூச்ச அடக்கிக்கினு சரிவுல மேல ஏறி வெளிய போங்க. ஈரத்துணி இதுக்கு ஒதவாது. இன்னொண்ணு, யாராவது விழுந்துட்டா அவங்களத் தூக்க நீங்க இறங்கக் கூடாது. மூச்சுக் கருவி போட்டவங்கதான் இறங்கணும். இத மூச்சுல நெறைய இழுத்தா இதயம் தடுமாறும். அந்த நேரத்துல பதறினாலோ, ஓடினாலோ, கனம் தூக்கினாலோ அப்படியே நின்னுடும்."

அத்தை எட்டி வாளிக்குள் பார்த்தாள்.

"மூச்சுக் கருவி எங்க இருக்குது?"

"வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன். அது வர்ற வரைக்கும் தீயணைப்பு வண்டிக்கு போன் பண்ணணும்."

"அது வந்து சேர்ற வரைக்கும் உழுந்தவ?"

நான் சரியான பதிலைத்தான் சொன்னேன். இரண்டாவது ஆள் இறங்கினால் இரண்டு பேர் சாவார்கள், உலகம் முழுக்க அப்படித்தான் நடந்திருக்கிறது என்றேன். அத்தை தலையாட்டினாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வாளிக்குள் கையை விட்டு அந்த அணைந்த மெழுகுவர்த்தியை எடுத்தாள்.

"பாப்பா, இத்தினி வருசமா நான் சொன்னது தப்பா?"

"தப்பில்ல அத்தை. அது அந்த கேஸுக்கு."

"கேஸு மாறிடுச்சி. இவளுங்களுக்கு நான் சொன்னது மாறலயே."

மறுநாளிலிருந்து அவள் அதை மாற்ற ஆரம்பித்தாள். தன் கைப்பட ஒரு ஊருக்கே கற்றுக்கொடுத்ததைத் தன் கைப்படவே அழிக்க வேண்டும். டீ நேரத்தில் பயிற்சி வைத்தாள். திடீரென்று தட்டைத் தட்டி "கேஸு!" என்று கத்துவாள். பழக்கத்தில் வாயில் முதலில் "குனி" என்றுதான் வரும். உடனே தன் வாயிலேயே அடித்துக்கொண்டு "நிமிரு! நிமிருங்கடி! மேல ஏறு!" என்பாள். பாதிப் பெண்கள் குந்தியிருப்பார்கள், பாதிப் பேர் நின்றிருப்பார்கள், எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

"இன்னாக்கா, ஒரு நாளைக்கு ஒண்ணு சொல்ற? எந்தப் பக்கம்தான் போவறது?"

"மேலடி மேல! மோட்சம் எந்தப் பக்கம் இருக்குது? அந்தப் பக்கம்!"

கம்பெனிக்குள் அவள் குந்துவதையே நிறுத்திவிட்டாள். தன்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் குனிவார்கள் என்று நினைத்தாள். நின்றே பழகாத உடம்பு; இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நாள் முழுக்க நிற்பாள். பெண்கள் சீண்டுவார்கள்: "அக்கா, எறா ஒண்ணு கீழ உழுந்துடுச்சி, குனியலாமா?" "காலால தள்ளுடி!" என்பாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசற்படி தாண்டியதும் தரையில் குந்தி, "அப்பாடா" என்று முட்டியைத் தடவிக்கொள்வாள். என்னைப் பார்த்துச் சொல்வாள்: "உன் கேஸு என்ன நிக்க வெச்சிட்டுதுடி மருமவளே."

எங்கள் ஊர்க் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், சைக்கிள் சங்கிலியைத் தின்னும். அந்தக் கூடத்தில் குழாயைச் சுவரோடு பிடித்திருந்த இரும்புப் பட்டைகளையும் அது தின்றிருந்தது. மழை விட்ட ஒரு காலையில் பட்டை இற்றுக் குழாய் இறங்கி, இணைப்பில் விரிந்துவிட்டது. தரையோரம் இருந்த சைரன் பெட்டிக்கு, கூடத்தைக் கழுவும்போது தண்ணீர் படாமல் இருக்க பாலிதீன் பை சுற்றுவது வழக்கமாகியிருந்தது. அன்று கழுவி முடித்தவர்கள் அதை அவிழ்க்கவில்லை. சைரன் கத்தவில்லை.

நான் அங்கே இல்லை. இது அங்கிருந்த பெண்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டது. எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

நிறமில்லாத வாயுதான்; ஆனால் சீறிய குளிரில் காற்றின் ஈரம் உறைந்து வெள்ளைப் புகையாகத் தரையில் படிந்தது. அத்தை சரிவின் மேல் முனையில் நின்றிருந்தாள். அன்று அவள் வாயில் "குனி" வரவில்லை. முதல் சொல்லே சரியாக வந்தது.

"நிமிரு! நிமிந்து மேல ஏறுங்க! எவளும் குனியாதீங்கடி!"

எல்லோரும் ஏறினார்கள். ஏறி வருகிற ஒவ்வொரு முகத்தையும் அத்தை தொட்டுத் தொட்டு வெளியே தள்ளினாள். கடைசி முகம் வந்ததும் திரும்பி உள்ளே பார்த்தாள்.

வகுப்பில் "அப்ப குனியக் கூடாதா?" என்று கேட்ட அந்தப் பெண் மட்டும் வரவில்லை. பயிற்சியில் தினமும் நிமிர்ந்தவள்தான். ஆனால் உண்மையான புகையைக் கண்டதும், சின்ன வயதில் அம்மா சோற்றோடு ஊட்டியதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்திருக்கிறது. குழாய்த் தண்ணீரில் துப்பட்டாவை நனைத்து, மூக்கில் வைத்துக்கொண்டு, மேசைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா சொன்ன மாதிரியே, எதையும் விடாமல் செய்தாள். அங்கேயே சாய்ந்தாள்.

"அக்கா, எறங்காத! எஞ்சினியரம்மா சொல்லிச்சி இல்ல!" என்று ஒருத்தி அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

"தெரியும், உடுடி" என்றாளாம்.

கதவுக்கு வெளியே தலையை நீட்டி நன்றாக மூச்சு இழுத்து, வாயை மூடிக்கொண்டாள். கழிமுகத்தில் முங்கி ஆளிச் சிப்பி எடுப்பார்களே, அந்த மாதிரி என்றார்கள். நிமிர்ந்தே இறங்கினாள். நிமிர்ந்தே மேசை வரைக்கும் நடந்தாள். பிறகு குனிந்தாள்.

முதுகுப் பக்கம் போய்க் குந்தி, கக்கத்தில் கை கொடுத்து, மார்பில் சாய்த்து, பின்னாலேயே நகர்ந்து வந்தாள். பாதி வழியில் அவளுக்கு மூச்சு உடைந்துவிட்டது. வாயைத் திறந்து இழுத்ததைப் பார்த்திருக்கிறார்கள். சரிவின் பாதிக்கு வந்ததும் மேலே இருந்தவர்கள் பெண்ணை வாங்கிக்கொண்டார்கள். அத்தையைத் தூக்கக் கை நீட்டியபோது, "நான் வர்றேன், அவளப் பாருங்க" என்று தானே ஏறி வந்தாள். வெளியே காற்றில், உப்புக் குவியல்கள் தெரிகிற பக்கமாகப் படியில் உட்கார்ந்தாள்.

"பொண்ணு மூச்சு உடுதா?"

"உடுதுக்கா. கண்ணத் தொறக்குது."

"அவள யாரும் திட்டாதீங்க. குனியச் சொன்னது நான்தான்."

அவ்வளவுதான் பேசினாள். படியிலேயே பக்கவாட்டில் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி கம்பெனி வாசலைத் தாண்டும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

என்ன நடந்தது என்று எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியும். நுரையீரலில் வாயு, இரத்தத்தில் வாயு, தடுமாறத் தயாராக இருக்கும் இதயம், அதன் மேல் பயமும் பாரமும். வகுப்பில் நான் சொன்ன அதே வரிசை. அத்தை ஒரு வரியையும் மறக்கவில்லை. இறங்கக் கூடாது என்று தெரியும், குனியக் கூடாது என்று தெரியும், கனம் தூக்கக் கூடாது என்று தெரியும். என் வகுப்பில் இருந்தவர்களிலேயே முழுக்கக் கற்றுக்கொண்டவள் அவள்தான். இதை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. எழுத அதில் இடம் இல்லை.

பெட்டியில் அவளை நேராகப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் அவ்வளவு உயரம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா கால்மாட்டில் நின்று முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் கல்லறைத் தோட்டம் கடலுக்குப் பக்கத்தில், முழுக்க மணல். காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது என்பதால் கல்லறை ஓரம் மணலில் கையால் குழி தோண்டி, அதற்குள் ஏற்றி வைப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு ஊரே குந்தியிருக்கும். நானும் அத்தையின் கல்லறை அருகே குந்திக் குழி தோண்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். அம்மா என் பக்கத்தில் குந்தி, சிலுவையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பெண் நின்றுகொண்டே இருந்தது, கையில் ஏற்றாத மெழுகுவர்த்தியோடு.

"அப்பத்துல இருந்து இப்படித்தாம்மா" என்றாள் அம்மா என்னிடம். "தரையில உக்கார மாட்டேங்குது. பாயில படுக்க மாட்டேங்குது. சோறு துன்னறதுகூட நின்னுக்கினுதான். நான் இன்னா சொல்லியும் கேக்கல. இனிமே நான் எதச் சொல்றது?"

நான் அந்தப் பெண்ணை அண்ணாந்து பார்த்தேன். சுற்றிலும் எல்லோரும் குந்தியிருக்க, அது ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றது. முட்டியை மடக்கப் பார்த்தது, முடியவில்லை.

"வா" என்றேன். "குனி. இங்க குனியலாம்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. நான் அதன் முதுகில் கை வைத்து, "மூச்சு உடு" என்றேன். விட்டது. பிறகு மெழுகுவர்த்தியை ஏற்றி, கையை நீட்டிக் குழியின் அடியில் வைத்தது.

இரண்டு பேரும் குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். சுடர் சுருங்குகிறதா என்று பார்த்தேன். சுருங்கவில்லை. அடியிலேயே நின்று எரிந்தது.